ஈயம் என்னும் ஒரு சொல்லும் இரண்டு தனிமங்களும்

(மகளிர் மன்றக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியனுக்கு வேதியியலில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். துண்டறிக்கையில் என் பெயருக்கு நேரே ‘அன்றாட வாழ்வில் தனிமங்கள்’ என்று அச்சிட்டிருந்ததைக் கண்டபோது எனக்கே அந்த ஐயம் எழுந்தது. ஆயினும், இத்தலைப்பை நானே கேட்டுப் பெற்றேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். என் வீட்டு அடுக்களையில் நடந்த ஒரு நிகழ்ச்சிதான் என்னை இதற்கு இழுத்து வந்தது. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

தனித்து நிற்பது தனிமம். வேறொன்றாக எந்த வேதிமுறையாலும் பிரிக்க முடியாதது. இற்றைநாள்வரை அறியப்பட்ட தனிமங்கள் 118. உலகிலுள்ள பொருள்களெல்லாம், நாம் உட்பட, இவற்றின் சேர்க்கையே. உலையில் கொதிக்கும் அரிசி பெரும்பாலும் கரியம், நீரகம், உயிரகம் என்னும் மூன்றனால் ஆயது. அதில் இடும் உப்போ சோடியம், குளோரின் என்னும் இரண்டனால் ஆயது. நீரில் இட்டால் சீறி எரியும் மாழை சோடியம். 1915-இல் பெல்சிய நாட்டுப் போர்க்களத்தில் படைஞரை மூச்சுத் திணறச் செய்து கொன்ற நச்சுவளி குளோரின். இவ்விரண்டும் கூடினால் நம் நாக்கு நாள்தோறும் தேடும் உப்பு. கூடியபின் இரண்டின் குணமும் அடியோடு மாறிவிடுகின்றன.

நூற்றுப் பதினெட்டையும் ஒரு மணி நேரத்தில் சொல்லி முடிக்க நான் வரவில்லை. இரண்டே இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவ்விரண்டையும் நாம் ஒரே சொல்லால் அழைக்கிறோம். அதனாலேயே அவற்றை எடுத்துக்கொண்டேன்.

‘ஈயம்’ என்றால் என்ன? இந்த அவையில் கேட்டால், “சாறு வைக்கும் சொம்பு” என்பார் ஒரு தாய். “ஏனத்துக்குப் பூசுவது” என்பார் மற்றொருவர். “வலையின் அடியில் கட்டும் குண்டு” என்பார் மீன்பிடித் தொழிலர். “பழைய ஊர்தி மின்கலத்துக்குள் இருப்பது” என்பார் இளைஞர் ஒருவர். நான்கும் வழக்கில் உள்ளவைதாம். ஆனால் முதலிரண்டும் ஒரு தனிமம். பின்னிரண்டும் வேறொரு தனிமம். முன்னது வெள்ளீயம். பின்னது காரீயம். வெண்மை + ஈயம், கருமை + ஈயம் என்று பிரித்துப் பாருங்கள். நம் முன்னோர் இரண்டையும் ஓரினமாகக் கண்டாலும், நிறத்தால் வேறு பிரித்து அடைமொழி கொடுத்திருக்கின்றனர். அந்த அடைமொழியைத்தான் நாம் பேச்சில் உதிர்த்துவிட்டோம்.

இது நம் நாட்டில் மட்டும் நடந்தது என்று எண்ணவேண்டா. உரோமரும் அவ்வாறே செய்தனர். இலத்தீன மொழியில் காரீயம் ‘கரிய பிளம்பம்’. வெள்ளீயம் ‘வெள்ளைப் பிளம்பம்’. கடல் கடந்து வாழ்ந்த இரண்டு மக்கள் ஒரே முறையில் பெயரிட்டிருப்பது எனக்குப் பெருவியப்பு. அந்தப் பிளம்பத்தின் சுருக்கமே இன்றும் வேதியியல் அட்டவணையில் காரீயத்துக்கு உரிய ‘பிபி’ என்னும் குறியீடாக நிற்கிறது.

இயல்பால் இவை எவ்வளவு வேறானவை என்பதைப் பாருங்கள். வெள்ளீயத்தின் அணுவெண் 50. காரீயத்தின் அணுவெண் 82. வெள்ளீயம் நீரைப்போல் 7.3 மடங்கு எடையுள்ளது, காரீயமோ 11.3 மடங்கு. வெள்ளீயம் 232 பாகை செல்சியசு வெப்பத்தில் உருகும். காரீயம் 327 பாகைக்கு மேல் உருகும். தூய வெள்ளீயக் கம்பியைக் காதருகே வைத்து வளைத்தால் உள்ளே மணிகள் நொறுங்குவது போன்ற ஓர் ஓசை கேட்கும். அதன் படிகங்கள் ஒன்றன்மேல் ஒன்று திரும்புவதால் எழும் ஓசை அது. ஆங்கிலர் அதனை வெள்ளீயத்தின் அழுகை என்பர். காரீயம் அழாது, வளைந்து கொடுக்கும், அவ்வளவுதான். மெல்லக் கொல்வது அதுவே.

வெள்ளீயம் நம் அடுக்களைக்கு எவ்வாறு வந்தது? செம்பினால் வந்தது. செம்பும் பித்தளையும் நல்ல மாழைகள்; விரைந்து சூடேறும்; நெடுநாள் உழைக்கும். ஆனால் புளிக்கு ஆகா. புளியில் உள்ள காடி செம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் களிம்பாக்கிவிடும். பித்தளைக் குடத்தைப் புளியிட்டுத் துலக்குகிறோமே, அங்கே நடப்பதும் அதுதான். மேலே படிந்த கறையைக் காடி கரைத்து எடுத்துக்கொண்டு போகிறது. துலக்கி ஊற்றிய நீரை நாம் குடிப்பதில்லை. ஆனால் அதே ஏனத்தில் புளிக்குழம்பு வைத்தால் கரைந்த செம்பு வயிற்றுக்குள் போகும். குமட்டலும் வாந்தியும் வரும். அதற்காகத்தான் உட்புறத்தில் ஈயம் பூசினர்.

ஈயம் பூசுபவர் தெருவில் குழி தோண்டி, கரியிட்டு, துருத்தி ஊதி, ஏனத்தைச் சுட வைத்த காட்சியை என் அகவையினர் மறந்திருக்க மாட்டார்கள். நாங்கள் சிறுவர்களாய்ச் சூழ்ந்து நிற்போம். சூடேறிய ஏனத்தில் நவச்சாரத்தைத் தூவுவார். குப்பென்று வெண்புகை எழும், மூக்கு எரியும். உடனே வெள்ளீயக் குச்சியால் ஒரு தொடு தொட்டு, துணிச்சுருளால் ஒரு சுற்றுச் சுற்றுவார். கறுத்துக் கிடந்த ஏனம் கண்ணாடியாய் மின்னும். மந்திரம் என்றே அன்று எண்ணினேன். பின்னாளில்தான் அறிந்தேன்: நவச்சாரம் சூட்டில் அம்மோனியாவாகவும் நீரகக் குளோரைடாகவும் பிரிகிறது, பின்னது செம்பின் மேலுள்ள கறையை அரித்து நீக்குகிறது, தூய செம்பு வெளிப்பட்ட அந்த நொடியில் உருகிய வெள்ளீயம் அதனோடு ஒட்டிக்கொள்கிறது. நொடி தவறினால் மீண்டும் கறை படியும். ஈயம் ஒட்டாது, உருண்டு ஓடும். பள்ளிக்கூடம் செல்லாத அந்தத் தொழிலர் இந்த நொடியைக் கையால் அறிந்திருந்தார்.

வெள்ளீயம் உணவிலுள்ள மென்காடிகளுக்கு எளிதில் இடங்கொடாது. சிறிது கரைந்தாலும் குடல் அதனை மிகக் குறைவாகவே ஏற்கும். ஆகவேதான் முழுவதும் வெள்ளீயத்தாலேயே செய்த சொம்பில் புளிச்சாறு வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் நிலைத்தது. அதன் சுவை தனி என்பார் பலர். என் துணைவியாரும் அக்கட்சியினரே. நான் நடுநிலை.

இங்கே புதுமணப்பெண்களுக்கு ஒரு சொல். அந்தச் சொம்பை வெறுமையாய் அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள். உள்ளே நீர் இருக்கும்வரை அதன் சூடு 100 பாகையைத் தாண்டிப் பெரிதும் ஏறாது; வெள்ளீயம் உருக 232 பாகை வேண்டும். நீர் வற்றினால் அடுப்புத்தீ அந்த 232-ஐ மிக விரைவில் எட்டிவிடும். சாறு வைத்த சொம்பு அடுப்படியில் வெள்ளிக் குளமாய்ப் பரவிக் கிடந்த கதை எங்கள் உறவில் இரண்டு வீடுகளில் உண்டு. இரண்டிலும் பழி மருமகள்மேல்தான் விழுந்தது. ஒன்றில் மாமியாரே காய வைத்தார் என்பது எனக்குத் தெரியும்!

இனிக் காரீயம். உரோமர் திராட்சைச் சாற்றைக் காரீய ஏனத்தில் சுண்டக் காய்ச்சினர். சாற்றின் புளிப்பு காரீயத்தைக் கரைத்து ஓர் உப்பை உண்டாக்கும். அந்த உப்பு இனிக்கும் என்பதுதான் கொடுமை. நஞ்சு கசக்கும் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். இது கசக்காது. மணமும் இல்லை. குடித்தவுடன் வயிறு வலிக்கவும் வலிக்காது. காரீயம் உடலுக்குள் கால்சியத்தைப் போல் வேடமிட்டு நுழைகிறது. எலும்பிலும் பல்லிலும் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கு ஐந்து மடங்கு மிகுதியாக அதனை ஏற்கும். வளரும் மூளையை அது தாக்கும், கற்கும் ஆற்றல் குன்றும், கவனம் சிதறும். குருதியில் இவ்வளவு இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே காரீயத்துக்கு அறியப்படவில்லை என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். கருவுற்ற தாயின் எலும்பில் முன்பே தங்கிய காரீயம், குழந்தைக்காக எலும்பு கரையும்போது குருதியில் கலந்து கருவுக்கும் செல்லும். இதனை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்; இனி நான் சொல்லப்போவது அதனோடு தொடர்புடையது.

என் மகள் தலைப்பிள்ளை பெற எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பழைய ஈயச்சொம்பு நசுங்கிப் போயிருந்ததால் புதிதாய் ஒன்று வாங்கி வரும்படி துணைவியார் சொன்னார். கடையின் பெயரோ ஊரோ இங்கு வேண்டா. கடைக்காரர் இரண்டு சொம்புகளை எடுத்து வைத்தார். ஒன்றைவிட மற்றொன்று நன்கு மலிவு. “இது ஏன் இவ்வளவு மலிவு?” என்றேன். “இரண்டும் ஈயந்தான் ஐயா. ஈயத்தில் என்ன வேறுபாடு?” என்றார். நானும் மலிவானதையே வாங்கி வந்தேன். சொல்லுக்குச் சொல் பிரித்துப் பொருள் சொல்லிப் பிழைப்பவன், “எந்த ஈயம்?” என்று ஒரு சொல் கேட்கவில்லை.

எங்கள் பள்ளியின் வேதியியல் ஆசிரியர் மறுநாள் வீட்டுக்கு வந்தவர் சொம்பைக் கையில் தூக்கிப் பார்த்தார். “அளவுக்கு மீறிக் கனக்கிறதே ஐயா” என்றார். அதைப் பள்ளிக்கு எடுத்துச் சென்றோம். நிறுத்தோம்: 620 கிராம். விளிம்பு வரை நீர் நிரப்பிய தொட்டியில் சொம்பை முழுக அமிழ்த்தி, வழிந்த நீரை அளவுகுழாயில் பிடித்தோம். தூய வெள்ளீயமாயின் 620-ஐ 7.3-ஆல் வகுக்க, 85 மில்லி லிட்டர் வழிய வேண்டும். வழிந்தது 76. மும்முறை செய்தோம், மாறவில்லை. எடை மிக்க வேறொரு மாழை உள்ளே கலந்திருக்கிறது என்பது உறுதியாயிற்று. அது காரீயமாயின் பத்தில் மூன்று பங்கு இருக்கவேண்டும் என்று கணக்கிட்டார் அவர்.

பின்னர்ச் சொம்பின் விளிம்பை அரத்தால் அராவி, அத்தூளை நைட்ரிக் காடியில் இட்டார். வெள்ளீயம் வெண்மாவாய் அடியில் தங்கிவிட்டது; காடியில் அது கரைவதில்லை. தெளிந்த நீரை வடிகட்டி எடுத்து, அதில் பொட்டாசியம் அயோடைடுக் கரைசலைச் சொட்டினார். மஞ்சள்! அரைத்த மஞ்சளைக் கொட்டியது போன்ற வீழ்படிவு. காரீயம் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. என் மாணாக்கர் சிலரும் அங்கு நின்றிருந்தனர். அந்த நிறத்தின் அழகைக் கண்டு கைதட்டினர். எனக்குக் கை எழவில்லை. முதல்நாள் இரவு அந்தச் சொம்பில் வைத்த சாற்றை என் மகள் இரண்டு குவளை வாங்கிக் குடித்திருந்தாள்.

மருத்துவரிடம் சென்றோம். குருதியை ஆய்ந்தனர். ஒருநாள் குடித்ததால் அஞ்சவேண்டியதில்லை. நாள்தோறும் குடித்திருந்தால் நிலைமை வேறு என்றனர். குழந்தை நலமாய்ப் பிறந்து இப்போது என் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறது. சொம்பைக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஏமாற்றியவர் என்று நான் சொல்லமாட்டேன். தமக்கு வார்த்துக் கொடுத்தவர் ஈயம் என்றார், தாமும் ஈயம் என்றே விற்றதாகச் சொன்னார். மாழைகளை ஒட்டும் பற்றாசும் இவ்விரண்டு ஈயத்தின் கலவைதான். பழைய பற்றாசையும் கழிவுக் காரீயத்தையும் சேர்த்து உருக்கினால் மலிவான ‘ஈயம்’ எளிதில் கிடைத்துவிடும். வெள்ளீயத்தின் விலை காரீயத்தின் விலையைவிடப் பன்மடங்கு மிகுதி என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

நீங்கள் வீட்டில் செய்யத்தக்கது என்ன? மேலே சொன்ன எடைமுறையைச் செய்து பார்க்கலாம். ஆனால் அது மிகுதியான கலப்பை மட்டுமே காட்டும். நூற்றுக்கு ஐந்து பங்கு காரீயம் இருந்தால் வழியும் நீரில் ஓரிரு மில்லி லிட்டரே வேறுபடும். நம் அளவைக்கு அது பிடிபடாது. நஞ்சுக்கோ ஐந்து பங்கே போதும். காரீயம் தாளில் கருங்கோடு இழுக்கும் என்பர். அதுவும் கலப்பில் நம்பத்தக்கதன்று. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பதே முறை. அதற்கு வழியில்லையெனின் எவர்சில்வர் ஏனத்திலேயே சாறு வையுங்கள். சுவை குறையும் என்று துணைவியார் சொல்லுவார், குறையட்டும்.

சொற்குழப்பம் இத்தோடு நிற்கவில்லை. ‘நாகம்’ என்னும் சொல்லைப் பாருங்கள். வடநூல் மருத்துவத்தில் நாகம் என்றால் காரீயம். நம் சித்தமருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம். ஒரு மருந்துச் சீட்டில் வெறுமனே நாகம் என்று எழுதியிருந்தால் எந்த மாழை என்று கேட்டுத்தான் ஆகவேண்டும். ‘தகரம்’ என்கிறோம், கூரைத் தகரம் இரும்பின்மேல் துத்தநாகம் பூசியது, நெய் அடைக்கும் தகரக்குவளை இரும்பின்மேல் வெள்ளீயம் பூசியது. தகரம் என்று தனியே ஒரு மாழை அங்கு இல்லை.

பிழையான பெயரால் வழிதவறுவது நம் இனத்துக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு ஒன்று சொல்லவேண்டும். ஆங்கிலர் எழுதுகோலின் உள்ளிருப்பதை இன்றும் காரீயம் என்றே சொல்கின்றனர். 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் அக்கரும்பொருள் கிடைத்தபோது அதனைக் காரீயத்தின் ஒரு வகை என்று கருதினர். 1779-இல் சீலே என்னும் சுவீடன் நாட்டு வேதியியலார் அது வெறும் கரியமே என்று காட்டினார். இரு நூற்றாண்டுக்கு மேலாகியும் பெயர் மாறவில்லை. நம் வகுப்புகளிலும் “பென்சிலில் இருப்பது காரீயம்” என்று பிள்ளைகள் சொல்லக் கேட்கிறேன். ஆங்கிலத்தின் பிழையை மொழிபெயர்த்து வாங்கிக்கொண்டோம். கரிக்கோல் என்று சொல்லிப் பாருங்கள். கரியால் ஆய கோல். பெயரே வேதியியலைச் சொல்லிவிடுகிறது. கரிக்கோலைக் கடிக்கும் பிள்ளையை வேறு ஏதேனும் சொல்லி அதட்டலாம். காரீய நஞ்சு என்று அதட்டத் தேவையில்லை.

காரீயம் எங்கே இருக்கிறதோ அங்கே அதனைத் தேடவேண்டும். 1921-இல் அமெரிக்காவில் மிட்சிலி என்பவர், பெட்ரோலில் காரீயச் சேர்மம் ஒன்றைக் கலந்தால் பொறி தட்டாமல் ஓடும் என்று கண்டார். அதன் பின் உலகத் தெருக்கள் யாவும் காரீயப் புகையை மூச்சிழுத்தன. நான் பணியிற் சேர்ந்த புதிதில் சாலையோரப் பள்ளியில் சன்னலைத் திறந்துவைத்துப் பாடம் நடத்தினேன். என் மாணாக்கர் உள்ளிழுத்தது என்னவென்று அன்று எனக்குத் தெரியாது. இந்தியாவில் 2000-இல் அது நிறுத்தப்பட்டது. கடைசி நாடாக அல்சீரியா 2021-இல் நிறுத்தியது. வீட்டு வண்ணப்பூச்சில் பத்து இலக்கம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருத்தல் ஆகாது என்னும் விதி இந்தியாவில் 2017-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய சுவர்களும் கதவுகளும் இன்னும் நம் வீடுகளில் நிற்கின்றன. உரிந்து விழும் பழைய வண்ணச் செதிளைத் தவழும் குழந்தை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்; சுரண்டும்போது நீர் தெளித்துச் சுரண்டச் சொல்லுங்கள், தூள் பறக்காது.

மஞ்சளையும் சொல்லிவிடுகிறேன். வங்காளதேசத்தில் மஞ்சளுக்கு நிறமேற்றக் காரீயக் குரோமேட்டு என்னும் பளிச்சிடும் மஞ்சட்பொடியைக் கலந்து வந்ததை ஆய்வாளர்கள் 2019-இல் வெளிப்படுத்தினர். அரசு சந்தைகளில் ஆய்ந்து தண்டம் விதித்தது. ஈராண்டில் அந்தக் கலப்பு சந்தையில் காணக் கிடைக்காத நிலைக்கு வந்தது. விரலி மஞ்சளை வாங்கிக் காயவைத்து அரைத்துக்கொள்ளுங்கள். மேற்பூச்சு மிகையாய் மின்னும் மஞ்சளைத் தவிருங்கள். நெற்றிக்கு இடும் செந்தூரத்திலும் இதே கதை உண்டு. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் தானே சிவக்கும், அச்சிவப்பு தீதற்றது. ஈயச்செந்தூரம் என்று ஒன்று உண்டு. பெயரில் ஈயம் என்று மட்டும் இருந்தாலும் அது காரீயத்தின் துரு. குழந்தைக்கு முத்தமிடும் நெற்றி அது.

என்னிடம் ஒரு தாய் கூட்டத்துக்கு முன்பே கேட்டார்: “வீட்டிலுள்ள பழைய ஈயச்சொம்பைத் தூக்கி எறிந்துவிடவா?” வேண்டா. பாட்டி வைத்திருந்த சொம்பு பெரும்பாலும் நல்ல வெள்ளீயமாகவே இருக்கும். ஆனால் ‘பெரும்பாலும்’ என்னும் சொல்லை நம்பிச் சாறு வைக்கவும் வேண்டா. எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வாருங்கள். சனிக்கிழமை முற்பகல் வேதியியல் ஆசிரியர் ஆய்வகத்தைத் திறந்து வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். மேல்வகுப்பு மாணாக்கியர் நால்வர் நிறுத்தும் அளந்தும் பழகியிருக்கின்றனர். ஐயத்துக்கு உரியவற்றை மேல் ஆய்வுக்கு அனுப்புவோம்.

என் சொம்பு அங்கேதான் இருக்கிறது. கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கிறோம். அதன்மேல் ஒட்டிய சீட்டில், ‘வெள்ளீயம் 7 பங்கு, காரீயம் 3 பங்கு, ஈயம் என்று விற்கப்பட்டது’ என்று என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன்.